டாக்டர் உட்கார்ந்துகொண்டு ஆபரேஷன் செய்கிறார்

“ரோபோவே ஆபரேஷன் பண்ணிடுமா சிஸ்டர்? அப்போ டாக்டர் எங்க இருப்பாரு?”

தியேட்டர் வாசலில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட மகன் கேட்பார், மனைவி கேட்பார், சில நேரம் ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவரே கேட்பார். டாக்டர் அதே அறையில்தான் இருப்பார் என்று சொல்வேன். மேஜைக்குப் பக்கத்தில் நிற்காமல், கொஞ்சம் தள்ளி ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அதைக் கன்சோல் என்கிறோம். முகத்தை அதில் பதித்து உள்ளே பார்த்தபடி, இரண்டு கை விரல்களிலும் ஒவ்வொரு பிடியை மாட்டியிருப்பார். காலடியில் பெடல்கள். எங்கள் சார் செருப்பைக் கழற்றிவிட்டு சாக்ஸோடுதான் மிதிப்பார். எந்தப் பெடல் எது என்று பாதத்துக்குத் தெரிய வேண்டுமாம். அவர் விரல் அசைந்தால் நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கும் கருவி அசையும். முகத்தை வெளியே எடுத்தால் அந்தக் கணமே எல்லாம் அப்படியே நின்றுவிடும். தானாக ஒரு நூலைக்கூட அந்த மெஷின் வெட்டாது.

உடனே அடுத்த கேள்வி வரும்: “நடுவுல கரண்ட் போச்சுன்னா?” நம்மூரில் இது நியாயமான கேள்வி. ஜெனரேட்டர் இருக்கிறது, அது போக மெஷினுக்குள்ளேயே பேட்டரியும் இருக்கிறது. இவை எல்லாம் கைவிட்டாலும், வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யத் தேவையான கருவிகள் முழுவதையும் தட்டில் அடுக்கி என் பக்கத்திலேயே வைத்திருப்பேன். அந்தத் தட்டு இல்லாமல் எந்த ரோபோ கேஸும் தொடங்காது.

நான் ஸ்க்ரப் நர்ஸ். கை கழுவி, கவுன் போட்டு, கருவி எடுத்துக் கொடுக்கிறவள். வயிற்றைத் திறந்தே எல்லாம் செய்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வந்தது, அதன்பின் ரோபோ. மூன்றையும் மேஜையின் அதே பக்கத்தில் நின்று பார்த்தவள் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். மலக்குடல் கேன்சரைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். வயிற்று ஆபரேஷன்களில் இதைப்போல இடம் படுத்துகிற பாடு வேறெதிலும் இல்லை.

பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர்தான் மலக்குடல். இடுப்பெலும்புக் கூட்டுக்குள் அடங்கிக் கிடக்கும். பின்னால் உள்நோக்கி வளைந்த முதுகடி எலும்பு. முன்னால், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையும் புராஸ்டேட்டும். பெண்களுக்குக் கர்ப்பப்பையும் பிறப்புவழியும். பக்கச் சுவர்களை ஒட்டி ஓடும் நரம்புகள், ஒருவர் சிறுநீர் கழிப்பதையும் தாம்பத்தியத்தையும் கவனித்துக்கொள்பவை. பெண்ணின் இடுப்பைவிட ஆணின் இடுப்பு குறுகலானது. அதில் கொழுப்பும் சேர்ந்துவிட்டால், கழுத்து குறுகிய சொம்புக்குள் கையை விட்டு, அடியில் ஒட்டியிருப்பதை உடையாமல், சுவரிலும் கீறல் விழாமல் எடுக்கிற வேலைதான்.

உடையாமல் என்று சொல்வதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. 1908இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற மருத்துவர், வயிற்று வழியாகவும் கீழிருந்தும் அறுத்து, ஆசனவாயோடு சேர்த்து மலக்குடலை மொத்தமாக அகற்றும் முறையை வெளியிட்டார். பிழைத்தவர்கள் ஆயுள் முழுக்க வயிற்றில் மலம் சேரும் பையோடு வாழ்ந்தார்கள். அப்படியும் பலருக்கு அதே இடத்தில் கேன்சர் திரும்ப வந்தது. ஏன் என்பதற்கு 1982இல் இங்கிலாந்தின் பேஸிங்ஸ்டோக் என்ற சிறிய ஊரிலிருந்து பதில் கிடைத்தது. அங்கே இருந்த பில் ஹீல்ட் என்ற சர்ஜன், மலக்குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையைப் பார்க்கச் சொன்னார். கேன்சர் முதலில் பரவுவது அந்த உறையில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குத்தான். அதுவரை பலரும் உறையைக் கையாலேயே பிய்த்து எடுத்தார்கள். துணுக்குகள் உள்ளே தங்கிவிட்டன. உறைக்கும் இடுப்புச் சுவருக்கும் நடுவே இயற்கையாகவே ஒரு இடைவெளி இருக்கிறது. ரத்தக் குழாய் அதிகம் இல்லாத, மெல்லிய வெள்ளை இழைகள் மட்டுமே உள்ள தளம் அது. அதில் போனால் ரத்தம் சிந்தாது, நரம்பு தப்பும், உறையும் முழுசாகக் கையில் வரும். பொறுமையாக, கண்ணால் பார்த்து, கூர்மையான கருவியால் அந்தத் தளத்திலேயே போங்கள் என்பதுதான் ஹீல்ட் சொன்னது.

லீட்ஸ் நகரில் பிலிப் குவர்க் என்ற நோயியல் மருத்துவர் இதையே மறுமுனையிலிருந்து காட்டினார். எடுத்த மலக்குடலின் வெளிப்புறத்தில் மை பூசி, குறுக்காகத் துண்டு போட்டு, கேன்சருக்கும் மைக்கும் உள்ள தூரத்தை அளந்தார். பெரும்பாலும் அந்த விளிம்பு வரை நோய் வந்திருந்தவர்களுக்குத்தான் அதே இடத்தில் திரும்பவும் வந்தது. இன்றைக்கும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் சுற்றுவிளிம்பு எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு வரி இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் கவலைதான். குடும்பத்தார் ரிப்போர்ட்டை வாங்கியதும் ஸ்டேஜைத் தேடுவார்கள். நான் முதலில் இந்த வரியைத் தேடுவேன். அன்றைய எங்கள் வேலைக்கு மார்க் போடுவது அதுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஸ்வீடனுடையது. 1990களில் ஸ்டாக்ஹோம் வட்டாரத்து சர்ஜன்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார்கள். ஹீல்டே போய் நேரில் செய்து காட்டினார். முன்பு நூற்றுக்கு 14, 15 பேருக்கு அதே இடத்தில் திரும்பிய கேன்சர், பயிற்சிக்குப் பிறகு 6 ஆகக் குறைந்தது. ஆசனவாயையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. புதிய மருந்து இல்லை, புதிய மெஷின் இல்லை. கைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். ரோபோ பற்றி யார் பேசினாலும் இந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நான் கேட்பேன்.

திறந்து செய்த நாட்களில் எங்கள் தியேட்டர் எப்படி இருக்கும் என்றால், தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை ஒரு கீறல். செயின்ட் மார்க்ஸ் ரிட்ராக்டர் என்று நீண்ட, வளைந்த இரும்புத் தகடு. அதை உள்ளே இறக்கி சிறுநீர்ப்பையை முன்னால் இழுத்துப் பிடிக்க ஒரு பிஜி மாணவர். மணிக்கணக்கில் இழுத்து அவர் கை நடுங்கும். விளக்கை எந்தக் கோணத்தில் திருப்பினாலும் பள்ளத்தின் அடியில் வெளிச்சம் விழாது. சர்ஜன் மட்டும் எட்டிப் பார்ப்பார். மற்ற யாருக்கும் எதுவும் தெரியாது. பெரிய உடம்புக்காரர் என்றால் கடைசிச் சில சென்டிமீட்டரை அவரும் பாதி விரலால் தடவித்தான் செய்ய வேண்டியிருக்கும். ஹீல்ட் பார்க்கச் சொன்ன இடம் அதுதான், பார்க்க முடியாத இடமும் அதுதான்.

லேப்ராஸ்கோப்பி வந்ததும் முதல் முறையாக அந்தப் பள்ளத்தை நாங்கள் எல்லோரும் டிவியில் பார்த்தோம். நான் அசந்து போனேன். கீறல் சிறிதானது, வலி குறைந்தது, நோயாளி சீக்கிரம் எழுந்து நடந்தார். ஆனால் கருவிகள் நீளமான, நேரான குச்சிகள், மணிக்கட்டு கிடையாது. இடுப்பின் அடியில் மூன்று குச்சிகள் ஒன்றோடு ஒன்று மோதும். கேமராவைப் பிடித்திருக்கும் ஜூனியர் சோர்ந்தால் படம் ஆடும், சர்ஜன் கத்துவார். சில கேஸ்களில் பாதியில் நிறுத்தி வயிற்றைத் திறக்க நேரும். 2015இல் அமெரிக்காவிலிருந்து ஒன்றும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து ஒன்றுமாக வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள், மலக்குடலைப் பொறுத்தவரை லேப்ராஸ்கோப்பி திறந்த முறைக்குச் சளைத்ததல்ல என்பதை நிரூபிக்க முடியவில்லை என்றே முடித்தன. ஐரோப்பாவிலும் கொரியாவிலும் நடந்த ஆய்வுகள் சளைத்ததல்ல என்றன. எங்கள் சார்கள் டீ குடிக்கும்போதெல்லாம் இதையே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரோபோ அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது 2000இல்; டா வின்சி என்பது அதன் பெயர். அடிபட்ட சிப்பாய்க்குத் தூரத்திலிருந்தே ஆபரேஷன் செய்ய முடியுமா என்று அமெரிக்க ராணுவம் பணம் போட்டு நடத்திய ஆராய்ச்சியில்தான் இதன் வேர் இருக்கிறது. சிப்பாய்க்குப் பயன்பட்டதோ இல்லையோ, புராஸ்டேட்டுக்குப் பயன்பட்டது. புராஸ்டேட்டும் மலக்குடலும் ஒரே பள்ளத்தின் இரண்டு குடித்தனக்காரர்கள் என்பதால் எங்கள் பக்கமும் வந்து சேர்ந்தது.

ஒரு ரோபோ கேஸ் காலையில் ஆள் வருவதற்கு முன்பே எங்களுக்குத் தொடங்கிவிடும். நான்கு கைகளுக்கும் ஸ்டெரைல் பிளாஸ்டிக் உறை மாட்ட வேண்டும். எங்காவது உரசினால் மறுபடி முதலிலிருந்து. மயக்க மருந்து கொடுத்தபின் நோயாளியின் கால்களைத் தாங்கிகளில் ஏற்றி, தலை கீழாக, கால் மேலாக மேஜையைச் சாய்ப்போம். அப்போதுதான் சிறுகுடல் சரிந்து இடுப்பு காலியாகும். மணிக்கணக்கில் அப்படியே இருக்க வேண்டும் என்பதால் தோள், கெண்டைக்கால், குதிகால் எல்லாவற்றுக்கும் மெத்தை வைத்துப் பார்ப்பது என் வேலை. பிறகு வயிற்றில் 8 மில்லிமீட்டர் துளைகள். அவற்றில் ரோபோவின் கைகளைப் பூட்டுவதற்கு டாக்கிங் என்று பெயர். பூட்டியபின் மேஜையை இஷ்டத்துக்கு அசைக்கக் கூடாது.

கன்சோலில் இருப்பவருக்குத் தெரிவது பத்து மடங்கு வரை பெரிதாக்கிய, ஆழம் தெரியும் படம். கேமராவையும் அவரே நகர்த்துகிறார், அது ஆடாது. கருவியின் நுனியில் மணிக்கட்டு இருக்கிறது. வளைந்த எலும்போடு வளைந்து போகும். கை நடுக்கத்தை மெஷின் வடிகட்டிவிடும். திறந்த காலத்தில் இருட்டாக இருந்த அந்த அடிப்பள்ளத்தில், வெள்ளை இழைகளை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு போவதைத் திரையில் பார்த்தபோது, ஹீல்ட் எதைப் பார்க்கச் சொன்னார் என்று எனக்கே விளங்கியது.

குறை இல்லாமல் இல்லை. இன்று பெரும்பாலான இடங்களில் இருக்கும் மெஷின்களில் தொடு உணர்ச்சி கிடையாது. எவ்வளவு பலமாக இழுக்கிறோம் என்பது விரலுக்குத் தெரியாது. சதை வெளுப்பதைப் பார்த்துக் கண்ணால்தான் கணிக்க வேண்டும். பழகாதவர் கையில் தையல் நூல் அறுந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். 2024இல் வந்த புதிய மாடலில் இழுவிசையைக் கைக்கு உணர்த்தும் வசதி வந்திருக்கிறது. தவிர, சர்ஜன் உட்கார்ந்திருக்க, நோயாளியின் பக்கத்தில் நிற்பது ஒரு உதவி டாக்டரும் நானும்தான். ரத்தத்தை உறிஞ்சுவது, கருவி மாற்றுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. திடீரென்று ரத்தம் பீறிட்டால் கைகளைக் கழற்றி மெஷினைத் தள்ளிவிட்டு வயிற்றைத் திறக்க வேண்டும். அதற்கென்றே ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறோம். விளம்பரங்களில் மெஷினையும் சர்ஜனையும் காட்டுவார்கள். பக்கத்தில் நிற்கும் அந்த உதவி டாக்டரை யாரும் காட்டுவதில்லை.

குடலை வெட்டியதும் பச்சையாக ஒளிரும் ஒரு சாயத்தை ரத்தத்தில் ஏற்றி, இணைக்கப்போகும் முனைக்கு ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். ஆசனவாய் வழியாக வட்ட ஸ்டேப்ளரை விட்டு இரண்டு முனைகளையும் இணைப்பார்கள். ஸ்டேப்ளர் இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு சதை வளையம் வெட்டித் தரும். இரண்டும் அறுபடாமல் முழு வட்டமாக இருக்கிறதா என்று என் கையில் வைத்துப் பார்த்துச் சொல்வேன். பிறகு இடுப்பில் உப்புநீரை நிரப்பி, கீழிருந்து காற்றடிப்போம். குமிழி வந்தால் கசிவு. இதெல்லாம் ரோபோவுக்கு முன்பும் இருந்த வேலைகள்தான்.

சரி, பலன் உண்டா? முதல் பெரிய பதில் 2017இல் வந்தது. லீட்ஸிலிருந்து நடத்தப்பட்டு, பத்து நாடுகளில் 471 பேரைச் சேர்த்த ரோலார் ஆய்வு அது. பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது லேப்ராஸ்கோப்பியில் நூற்றுக்கு 12.2, ரோபோவில் 8.1. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றார்கள். சிறுநீர், தாம்பத்தியம் இரண்டிலும் வித்தியாசம் இல்லை. ரோபோவுக்கு நேரம் அதிகம், செலவும் அதிகம். எங்கள் தியேட்டரில் அப்போது ரோபோவை ஆதரித்தவர்கள் கொஞ்ச நாள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அதில் கலந்துகொண்ட சர்ஜன்கள் பலர் லேப்ராஸ்கோப்பியில் ஊறியவர்கள், ரோபோவுக்குப் புதியவர்கள் என்ற விமர்சனமும் எழுந்தது.

அடுத்த பதில் ஷாங்காயிலிருந்து. ஜோங்ஷான் மருத்துவமனை தலைமையில் சீனாவின் 11 மருத்துவமனைகள் 1,240 பேரைச் சேர்த்தன. எல்லோருக்கும் மலக்குடலின் நடுப்பகுதியிலோ கீழ்ப்பகுதியிலோ கட்டி. அதாவது கஷ்டமான கேஸ்கள். செய்தவர்கள் இரண்டு முறையிலும் கை தேர்ந்தவர்கள். நான் சொன்ன அந்தச் சுற்றுவிளிம்பு கெட்டது லேப்ராஸ்கோப்பியில் 7.2 சதவீதம், ரோபோவில் 4 சதவீதம். மூன்று ஆண்டு முடிவுகள் 2025இல் வந்தன: அதே இடத்திலோ அருகிலோ திரும்பிய கேன்சர் லேப்ராஸ்கோப்பியில் 4 சதவீதம், ரோபோவில் 1.6. ஆசனவாயையும் எடுக்க வேண்டி வந்தவர்கள் 22.7 சதவீதத்திலிருந்து 16.9 ஆகக் குறைந்தார்கள். உயிரோடு இருந்தவர்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: கட்டி தாழ்வாக இருக்க வேண்டும், இடுப்பு குறுகலாக இருக்க வேண்டும், கை பழகியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் ரோபோவுக்குக் கொடுக்கும் காசுக்கு அர்த்தம் உண்டு. மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால் சர்ஜனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: மலக்குடலில் மட்டும் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள், அதில் ரோபோவில் எத்தனை என்று. நல்ல சர்ஜன் இதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் எம்.ஆர்.ஐ. எடுத்து, எல்லா மருத்துவர்களும் உட்கார்ந்து பேசினார்களா என்பதையும் கேட்க வேண்டும். கட்டி விளிம்பை நெருங்கியிருந்தால் முதலில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, கீமோவும் கொடுத்துச் சுருக்குவார்கள். சிலருக்கு அதிலேயே கட்டி மறைந்துவிடுகிறது. அவர்களை வெட்டாமல் கண்காணிக்கலாம் என்று பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஏஞ்சலிட்டா ஹப்ர்-காமா என்ற பெண் சர்ஜன் சொன்னபோது பலரும் ஏற்கவில்லை. 2004இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு மெல்ல மெல்ல உலகம் அவர் வழிக்கு வந்தது. ஆனால் சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்கோப்பிக்கும் ஸ்கேனுக்கும் தவறாமல் வருகிறவர்களுக்குத்தான் அந்த வழி. வலி இல்லை என்று வராமல் விட்டுவிடுகிறவர்களுக்கு ஆகாது.

இதையெல்லாம்விட முன்னால் நடக்க வேண்டியது ஒன்று. எங்களிடம் வருகிறவர்களில் எத்தனையோ பேர், மோஷனில் ரத்தம் போவதை மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் லேகியம் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் மூலம், பவுத்திரத்துக்கு நோட்டீஸ்தான். கையுறை போட்டு ஒரு விரலை விட்டுப் பார்த்தாலே தாழ்வான கட்டிகள் பல தட்டுப்பட்டுவிடும். அதற்கு எந்த மெஷினும் வேண்டாம்.

பைக்கு வருகிறேன். தாழ்வாக இணைத்த இடம் ஆறுவதற்காகப் பலருக்குச் சிறுகுடலை வயிற்றில் திறந்து தற்காலிகமாகப் பை வைப்பார்கள். சில மாதம் கழித்து மூடிவிடுவார்கள். ரோபோவில் செய்தாலும் இது மாறுவதில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாளே பை வரும் இடத்தைக் குறிக்க வேண்டும். படுக்க வைத்து மட்டும் குறிக்கக் கூடாது. உட்காரச் சொல்லி, நிற்கச் சொல்லி, குனியச் சொல்லிப் பார்க்க வேண்டும். பாவாடை நாடா எங்கே விழுகிறது, வேட்டியை எங்கே மடித்துக் கட்டுகிறார், பெல்ட் எங்கே வருகிறது என்று பார்த்துக் குறித்தால் பை அவ்வளவாகக் கசியாது. சித்திரை வெயிலில் பை வழியாகப் போகும் நீரால் உடம்பு வற்றி மயங்கி வருகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கையிலேயே இருக்க வேண்டும்.

பை மூடியபின்னும் எல்லாம் பழையபடி ஆகிவிடாது. மலத்தைத் தேக்கி வைக்கும் இடமே போய்விட்டது அல்லவா? ஒரு நாளைக்குப் பல தடவை, அதுவும் அடுத்தடுத்து, அவசரமாகப் போக வேண்டிவரும். தாழ்வாக இணைத்தவர்களுக்கும் கரண்ட் வைத்தவர்களுக்கும் கூடுதல். உணவு மாற்றம், மாத்திரை, இடுப்புத்தசைப் பயிற்சி என்று வழிகள் இருக்கின்றன. மாதக்கணக்கில் மெல்லத் தணியும். இதை முன்கூட்டியே சொன்னால் தாங்கிக்கொள்கிறார்கள். சொல்லாமல் விட்டால் ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து உள்ளுக்குள்ளேயே புழுங்குகிறார்கள்.

செலவு: ரோபோவின் ஒவ்வொரு கருவியிலும் எத்தனை முறை பயன்படுத்தினோம் என்ற கணக்கு பதிந்திருக்கும். எண்ணிக்கை முடிந்தால், நன்றாக இருந்தாலும் மெஷின் அதை ஏற்காது. அந்தக் காசு பில்லில் வந்துவிடும். எங்கள் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பியைவிட ஒரு லட்சத்துக்குக் குறையாமல் கூடுகிறது. ரோபோ அறுவையை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஒரேயடியாக ஒதுக்கக் கூடாது என்று 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிவிட்டது. ஆனால் இவ்வளவுதான் தருவோம் என்று உச்சவரம்பு வைக்க அனுமதி உண்டு, வைக்கவும் செய்கிறார்கள். பாலிசியில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022இலேயே ரோபோ வந்துவிட்டது. குருகிராமில் தயாராகும் எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா என்ற நம் நாட்டு மெஷினும் ஆஸ்பத்திரிகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. போட்டி வந்தால் விலை இறங்கும் என்று எங்கள் சார் சொல்கிறார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

போன வருஷம் நாகர்கோவிலில் என் அத்தைக்கே மலக்குடல் கேன்சர் என்று தெரிந்தது. “ரோபோல பண்ணணும்னு எல்லாரும் சொல்றாங்க. நீ அங்கதான இருக்க, சொல்லு மக்கா” என்றார். ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னேன். கட்டி ஆசனவாயிலிருந்து 13 சென்டிமீட்டர் உயரத்தில், விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி இருந்தது. அத்தையோ ஒடிசலான உடம்பு, பெண் இடுப்பு. அந்த ஊரிலேயே லேப்ராஸ்கோப்பியில் நிறையச் செய்த ஒரு சர்ஜன் இருக்கிறார். அவரிடமே போகச் சொன்னேன். பை தேவைப்படவில்லை. ரோபோவுக்கு என்று மாமா எடுத்து வைத்திருந்த பணம் கீமோவுக்கு ஆயிற்று.